பேராசிரியர் தியோடோர் ஃபோர்ஸ்டர்

பெரியோர் சிலரின் பெயர் அவர்தம் வாழ்க்கையினின்றும் பிரிந்து வெறுஞ் சொல்லாய் உலவுவதுண்டு. வோல்ட் என்றும் வாட் என்றும் நாடோறும் வழங்குகின்ற நாம், அவை ஒரு காலத்து உண்டு உடுத்து வாழ்ந்த மாந்தரின் பெயர்கள் என்பதை நினைப்பதில்லை. உயிரணுக்களையும் அவற்றினுள் இயங்கும் புரதங்களையும் ஆராயும் சாலைகளில் இக்காலத்து அவ்வாறு வழங்கும் பெயர் ஃபோர்ஸ்டர் என்பதாகும். ஃபோர்ஸ்டர் தூரம் இத்துணை என்று ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு மாணவர் தம் கணக்கைத் தொடங்குவர். அவ்வெண்ணுக்குரிய மனிதர் எங்குப் பிறந்தார், எவருடன் வாழ்ந்தார், எக்காலத்து எதனைச் செய்தார் என்பவற்றை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம். அவர் செய்தன யாவும் போற்றத்தக்கன அல்ல என்பதையும் முன்னரே சொல்லி வைக்கின்றோம். ஒருவர் சரிதத்தை எழுதுவார் குறையை மறைத்து நிறையை மட்டும் கூறின், அது சரிதமாகாது, புகழ்ப்பாட்டாய் முடியும்.

தியோடோர் ஃபோர்ஸ்டர் 1910-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். அந்நகரத்துச் சர்வகலாசாலையிலேயே பயின்று, எர்வின் மாடெலுங் என்னும் பௌதிகப் பேராசிரியரின் கீழ் எலெக்ட்ரான்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியைச் செய்து, 1933-ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. கணிதமும் பௌதிகமும் ஒருங்கே கைவந்தவர். கருவிகளோடு பழகுவதைக் காட்டிலும் காகிதத்தோடு பழகுவதில் அக்காலத்து மிக்க ஆர்வமுடையவர்.

அந்த 1933-ஆம் ஆண்டு ஜெர்மனியின் அறிவுலகம் இரண்டாய்ப் பிளந்த ஆண்டு. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத குலத்தவரை அரசாங்க உத்தியோகங்களினின்றும் நீக்கும் சட்டம் ஏப்ரல் மாதத்தில் பிறந்தது. கெட்டிங்கன் சர்வகலாசாலையில் பௌதிகம் கற்பித்த ஜேம்ஸ் ஃபிராங்க், 1925-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றவர், யூத குலத்தவர். முதலாம் உலக யுத்தத்தில் ஜெர்மனிக்காகப் போர்புரிந்தவர் ஆதலின் அச்சட்டம் அவரைத் தொடவில்லை. ஆயினும் தம் இனத்தார் நீக்கப்படத் தாம் மட்டும் இருத்தல் தகாதென்று அம்மாதத்திலேயே தம் பதவியைத் துறந்தார். பின்னர் நாட்டையும் விட்டு நீங்கினார். அதே ஆண்டில் இளைஞர் ஃபோர்ஸ்டர் நாஜிக் கட்சியிலும், எஸ். ஏ. எனப்பட்ட அதன் தாக்குதற் படையிலும் சேர்ந்தார். அந்நாளில் சேர்ந்தோர் பலர் என்பது உண்மை. சேராதிருந்தோரும் உளர் என்பதும் உண்மை.

இவ்விருவரையும் ஓரிடத்தில் நிறுத்திக் கூறியது காரணம் பற்றியே. ஃபோர்ஸ்டரின் பெயரை நிலைநிறுத்திய துறைக்கு முதற் சோதனை செய்து வழிகாட்டியவர்களுள் ஒருவர் அந்த ஃபிராங்க்கே ஆவர். அதனை விளங்கிக்கொள்ள, ஒளியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும்.

சில பொருள்கள் ஒரு நிற ஒளியை உண்டு வேறு நிற ஒளியை உமிழும். கொய்னா மருந்து கரைந்த நீர், கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த கதிர் பட்டவுடன் நீல ஒளி வீசுவதைப் பலர் கண்டிருக்கலாம். இத்தன்மைக்கு ஃபுளோரஸென்ஸ் என்று 1852-ஆம் ஆண்டு பெயரிட்டவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ் துரை. நாம் இதனை ஒளிர்வு என்போம். ஒளியை உண்ட மூலக்கூறு ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம் கிளர்ச்சியுற்று நின்று, பின்னர்த் தன் சக்தியை ஒளியாக விட்டுத் தணிகின்றது. இது பொதுவிதி. ஆனால் 1922-ஆம் ஆண்டளவில் காரியோ என்பவரும் ஃபிராங்க்கும் கெட்டிங்கனில் ஒரு விந்தை கண்டனர். பாதரச ஆவியையும் தாலியம் என்னும் உலோகத்தின் ஆவியையும் ஒன்றாய்க் கலந்து, பாதரசம் மட்டுமே உண்ணத்தக்க ஒளியை அதன்மேல் வீசினர். தாலியம் அவ்வொளியை உண்ணாது. எனினும் தாலியத்திற்குரிய ஒளி வெளிப்பட்டது. பாதரசம் உண்டது, தாலியம் ஒளிர்ந்தது! ஒன்றன் சக்தி மற்றொன்றினிடம் சென்றிருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

ஆவிகளில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதனால் இது நிகழலாம். திரவத்திற் கரைந்த சாயங்களிலோ, மோதாமல் எட்ட நிற்கும் மூலக்கூறுகளுக்கிடையேயும் சக்தி தாவுவதாகத் தோன்றிற்று. இதற்குக் காரணம் கூற முன்வந்தவர் பாரிஸ் மாநகரத்து ழான் பெரென். அணுக்கள் உள்ளன என்பதைச் சோதனையால் நிலைநாட்டி, 1926-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற பேரறிஞர் அவர். ஒரு வீட்டிலே இரண்டு வீணைகள் சுருதி சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்வோம். ஒன்றன் தந்தியை மீட்டினால் மற்றொன்றன் தந்தி தொடுவார் இன்றியே அதிரும். கிளர்ச்சியுற்ற மூலக்கூறும் இவ்வாறே அதிர்கின்றது. சுருதி ஒத்த அயல் மூலக்கூறு அவ்வதிர்ச்சியை ஏற்கின்றது. ஒளி வெளிப்பட்டு மீண்டும் உண்ணப்படுவது இதில் இல்லை. சக்தி நேரே கைமாறுகின்றது என்பது பெரென் கொண்ட கருத்து. கருத்துச் செம்மையானது. கணக்கு மட்டும் பிழைத்தது. ஏறக்குறைய 100 நானோமீட்டர் தூரம் வரை சக்தி தாவும் என்று அவர் கணக்கிற் கிடைத்தது. (நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.) சோதனையிற் கண்டதோ அதில் பத்திலொரு பங்குக்கும் குறைவு. அவர் மைந்தர் ஃபிரான்சிஸ் பெரென் 1932-ஆம் ஆண்டு குவாண்டம் நூல்முறையால் மறுபடி கணக்கிட்டுப் பிழையைக் குறைத்தார். அப்பொழுதும் விடை உண்மையினும் சில மடங்கு மிக்கே நின்றது.

இந்நிலையிற் கிடந்த கணக்கைக் கையில் எடுத்தவரே நம் சரித நாயகர். அவரை இதிற் செலுத்தியது சாயமன்று, பச்சிலை. எமர்ஸன், ஆர்னால்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1932-ஆம் ஆண்டு, குளோரெல்லா என்னும் நுண்ணிய பாசியின்மேல் மின்னல் போன்ற குறுகிய ஒளிகளைப் பாய்ச்சி, அது விடும் பிராணவாயுவை அளந்தனர். ஏறத்தாழ 2,400 பச்சைய மூலக்கூறுகளுக்குப் பிராணவாயு மூலக்கூறு ஒன்றே வெளிப்பட்டது. அங்ஙனமாயின் அத்தனை பச்சையங்களும் எதற்கு? அவை ஒளியைப் பிடித்துப் பிடித்து ஓரிடத்திற் சேர்க்கும் ஊழியர்கள் போலும்! ஆயின், ஒரு மூலையில் உண்ட ஒளியின் சக்தி மற்றொரு மூலையிலுள்ள தொழிற்சாலைக்கு எவ்வழியே செல்கின்றது? இவ்வினாவே ஃபோர்ஸ்டரின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது.

பிராங்க்பர்ட்டில் இரசாயனம் கற்பித்த கார்ல் ஃபிரீட்ரிக் போன்ஹோஃபர் 1934-ஆம் ஆண்டு லைப்சிக் சர்வகலாசாலைக்குச் சென்றார். அவரிடம் உதவியாளராக ஃபோர்ஸ்டரும் அங்கே அமர்ந்தார். குவாண்டம் நூலுக்கு அடிகோலியோருள் ஒருவராகிய ஹைசன்பர்க் அங்கே இருந்தார். இலைகளின் ஒளிர்வை ஆராய்ந்த கௌட்ஸ்கியும் அங்கே வந்து சேர்ந்தார். கணிதம் அறிந்த இளைஞர் ஒருவர் உயிர்நூலின் பக்கம் திரும்புதற்கு இதனினும் ஏற்ற இடம் அரிது. 1940-ஆம் ஆண்டு கற்பிக்கும் தகுதியைப் பெற்று அங்கேயே விரிவுரையாளரானார்.

போன்ஹோஃபர் என்னும் குடிப்பெயர் நம் வாசகர் பலர்க்குப் புதியதன்று. இவர் தம்பியே டீட்ரிக் போன்ஹோஃபர் என்னும் போதகர். ஹிட்லரின் கொடுங்கோலை எதிர்த்துச் சிறைப்பட்டு, 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் ஃபுளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டவர். மற்றொரு தம்பி கிளௌஸ், சகோதரிகளை மணந்தோர் இருவர், இவர்களும் அதே மாதத்தில் கொல்லப்பட்டனர். ஒரு குடும்பத்தில் ஒரே திங்களில் நால்வர்! அத்தகைய வீட்டில் பிறந்த ஆசிரியர். கட்சியில் சேர்ந்த மாணாக்கர். இருவரும் ஏறத்தாழ எட்டாண்டு ஒரே சாலையில் உடனிருந்து ஆராய்ந்தனர். அக்காலத்து ஜெர்மனியில் மனிதர் எவ்வாறு கலந்து கிடந்தனர் என்பதற்கு இது ஒரு சான்று.

1942-ஆம் ஆண்டு ஃபோர்ஸ்டர் போசன் நகரத்துச் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். இப்பதவியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. போசன் என்பது போலந்து தேசத்துப் பொஸ்னான் நகரத்திற்கு ஜெர்மானியர் இட்ட பெயர். 1939-ஆம் ஆண்டு அந்நகரைக் கைப்பற்றியவர்கள் போலந்து மக்களின் சர்வகலாசாலையை மூடினர். 1941-ஆம் ஆண்டு அவ்விடத்தில் தமக்கென ஒன்றைத் திறந்தனர். போலந்து மாணவர்க்கு அதில் இடமில்லை. அத்தகைய நாற்காலியில் அவர் அமர்ந்தார். யுத்தம் முடிந்தபோது அச்சர்வகலாசாலையும் மறைந்தது. அவர் கெட்டிங்கனுக்கு வந்து சேர்ந்தார்.

கெட்டிங்கன்! ஃபிராங்க் பாதரச ஆவியை வைத்துச் சோதித்த ஊர். பதவியைத் துறந்து நீங்கிய ஊர். அவ்வூரிலிருந்தே சக்தித் தாவலின் முழுக் கணக்கும் வெளிவந்தது. 1946-ஆம் ஆண்டு ஃபோர்ஸ்டர் சிறியதொரு கட்டுரையில் தம் கருத்தின் சுருக்கத்தைக் கூறினார். 1948-ஆம் ஆண்டு அன்னாலன் டெர் ஃபிஸீக் என்னும் ஜெர்மானியப் பத்திரிகையில் அதனை விரித்து எழுதினார். இருபது பக்க அளவினதாகிய அக்கட்டுரையே இன்றும் எடுத்தாளப்படுகின்றது. அதே 1948-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பாரிஸில் மற்றொன்று நிகழ்ந்தது. ஜெர்மானியர் பிரான்ஸைக் கைப்பற்றியபோது அமெரிக்கா சென்று, 1942-ஆம் ஆண்டு நியூயார்க்கில் உயிர்நீத்த ழான் பெரெனின் உடல், தாய்நாட்டிற்குக் கொணரப்பட்டு, பாந்தியன் என்னும் பெரியோர் அடக்கசாலையில் வைக்கப்பட்டது. அவர் விட்டுச்சென்ற கணக்கு முடிந்ததும் அவர் வீடு திரும்பியதும் ஒரே ஆண்டில். ஃபிராங்க்குக்கும் கெட்டிங்கன் நகரத்தார் 1953-ஆம் ஆண்டு கௌரவக் குடியுரிமை அளித்தனர்; 1964-ஆம் ஆண்டு அவ்வூரைக் காண வந்திருந்தபோதே அவர் ஆவி பிரிந்தது.

பெரென் பிழைத்த இடம் யாது? வீணை உவமையிலேயே கூறலாம். இரு தந்திகளும் மாறாத ஒரே சுருதியில் நிற்கும் என்று அவர் கொண்டார். திரவத்தில் மிதக்கும் மூலக்கூறு அத்தகையதன்று. அதனைச் சூழ்ந்த மூலக்கூறுகள் ஓயாது இடிக்கின்றன. அதன் உறுப்புக்களும் ஆடுகின்றன. ஆகவே அதன் சுருதி ஒரு புள்ளியில் நில்லாமல் அகன்ற பட்டையாய் விரிகின்றது. ஈயும் மூலக்கூறும் ஏற்கும் மூலக்கூறும் சுருதி ஒத்து நிற்பது சிறிது நேரமே. அச்சிறிது நேரத்தை எங்ஙனம் அளப்பது? ஃபோர்ஸ்டரின் நுண்ணறிவு விளங்கும் இடம் இதுவே. அதனை அளக்கப் புதுக் கருவி வேண்டுவதில்லை என்றார். ஈயும் பொருள் உமிழும் ஒளியின் நிறமாலையையும், ஏற்கும் பொருள் உண்ணும் ஒளியின் நிறமாலையையும் ஒரே படத்தில் வரைந்து, அவை ஒன்றன்மேலொன்று படியும் பரப்பைக் கணக்கிட்டாற் போதும். எந்த இரசாயனச் சாலையிலும் எடுக்கத்தக்க இரு படங்கள் அவை. காணவியலாத மூலக்கூறுகளின் இடைவெளி அவ்விரு படங்களிலிருந்தே கணக்கிடக் கிடைத்தது.

தூரத்தைப் பற்றிய விதியும் அக்கணக்கிலே பிறந்தது. இரு மூலக்கூறுகளிடையே நிகழும் மின் ஈர்ப்பு தூரத்தின் மூன்றாம் வர்க்கத்திற்குத் தக்கபடி குறையும். சக்தி தாவும் வேகமோ அவ்வீர்ப்பின் இருமடிக்கு ஒப்பானது. ஆகவே வேகம் தூரத்தின் ஆறாம் வர்க்கத்திற்குத் தக்கபடி குறைகின்றது. உண்ட சக்தியிற் சரிபாதி தாவும் தூரமே ஃபோர்ஸ்டர் தூரம். அது 5 நானோமீட்டர் உள்ள ஓர் இணையை எடுத்துக்கொள்வோம். அவை 4 நானோமீட்டரில் நின்றால் நூற்றுக்கு 79 பங்கு தாவும்; 6 நானோமீட்டரில் நின்றால் 25 பங்கே தாவும். 10 நானோமீட்டர் விலகினாலோ நூற்றுக்கு இரண்டு பங்கும் இல்லை. இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் என்னும் புரதத்தின் குறுக்களவு ஏறத்தாழ ஐந்தரை நானோமீட்டர் என்பதை வாசகர் இதனோடு ஒப்பிட்டு நோக்குக. சாதாரண நுண்நோக்கி 200 நானோமீட்டருக்கு உட்பட்ட இரு பொருள்களைப் பிரித்துக் காட்டமாட்டாது. புரதங்கள் தொட்டுக்கொள்ளும் தூரம் எதுவோ அத்தூரத்திலேயே இவ்விதி மிகக் கூர்மையாய் மாறுவது உயிர்நூலார்க்கு வாய்த்த பெரும்பேறு.

1949-ஆம் ஆண்டு போன்ஹோஃபரும் கெட்டிங்கனுக்கு வந்து, மாக்ஸ் பிளாங்க் பௌதிக இரசாயனக் கழகத்தின் தலைமையை ஏற்றார். ஃபோர்ஸ்டர் அவ்வாண்டில், இரு சாயங்களை மதுசாரவகைத் திரவமொன்றிற் கரைத்துத் தம் கணக்கைத் தாமே சோதனையால் மெய்ப்பித்தார். 1951-ஆம் ஆண்டு கரிமப் பொருள்களின் ஒளிர்வைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டே ஸ்டட்கார்ட் நகரத்துத் தொழிற் கல்லூரியிற் பேராசிரியராகி, இறுதிவரை அங்கேயே இருந்தார். அவர் பிற்காலத்து வேலைகளும் சிறியன அல்ல. நாப்தால் போன்ற பொருள்கள் ஒளியை உண்டு கிளர்ச்சியுற்ற நிலையில் பன்னூறாயிர மடங்கு வலிய அமிலமாகின்றன. அவ்வலிமையை நிறமாலைகளிலிருந்தே கணக்கிடும் முறை ஃபோர்ஸ்டர் சக்கரம் என வழங்குகின்றது. 1954-ஆம் ஆண்டு, பைரீன் என்னும் பொருள் நீர்த்த கரைசலில் ஊதாவாகவும் செறிந்த கரைசலில் நீலமாகவும் ஒளிர்வதைக் காஸ்பர் என்பாருடன் ஆராய்ந்து, கிளர்ந்த மூலக்கூறு கிளராத ஒன்றைத் தழுவிக் கணநேர இணையாதலே அதன் காரணம் எனக் காட்டினார். இவை இரசாயன மாணவர்க்கு விரிவாகக் கூறத்தக்கன. நாம் நம் பொருளுக்கு மீளுவோம்.

தம் விதியை உயிர்நூலார் கைக்கொள்வதைக் காணும் அளவு அவர் வாழ்ந்திருந்தார். 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டிரையர், ஹாக்லாண்ட் என்னும் இருவர் புரோலின் என்னும் அமினோ அமிலத்தை ஒன்று முதல் பன்னிரண்டு வரை கோத்துக் கோல் போன்ற சங்கிலிகள் செய்து, ஒரு நுனியில் ஈயும் சாயத்தையும் மறுநுனியில் ஏற்கும் சாயத்தையும் பூட்டினர். கோல் ஒரு கணு நீள நீள, தாவும் சக்தி குறைந்தது. ஆறாம் வர்க்கம் என்று ஃபோர்ஸ்டர் காகிதத்திற் கண்டது, அவர்கள் அளவையில் 5.9 என்று வந்தது. அதுமுதல் இம்முறையை மூலக்கூறுகளின் அளவுகோல் என்றே வழங்கலாயினர்.

1974-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், தம் 64-ஆம் பிறந்தநாள் கழிந்து ஐந்தாம் நாள், ஃபோர்ஸ்டர் மாரடைப்பினால் காலமானார். அவ்வாண்டிலேயே, பசிபிக் கடலில் மிதக்கும் ஒருவகைச் சொறிமீனின் உடலில் நீல ஒளிக்குரிய புரதம் தன் சக்தியைப் பச்சைப் புரதத்திற்கு அவ்விதிப்படியே ஈகின்றது என்னும் செய்தியை ஷிமோமுரா முதலியோர் வெளியிட்டனர். அந்தப் பச்சைப் புரதமே பின்னர் ஆராய்ச்சியாளர்க்குக் கைவிளக்காயிற்று. 1994-ஆம் ஆண்டு சால்ஃபி அதனைப் பிற உயிர்களிலும் தோன்றச் செய்தார். சியென் என்பார் அதனை மாற்றிப் பல நிறங்களில் ஆக்கினார். மூவரும் 2008-ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

இக்காலத்து ஆய்வுக்கூடத்தில் நடப்பது இது. இரண்டு புரதங்கள் உயிரணுவினுள் ஒன்றையொன்று நாடிச் சேர்கின்றனவா என்று அறிய வேண்டும். ஒன்றன் வாலில் நீல ஒளிர்புரதத்தையும் மற்றதன் வாலில் பச்சை அல்லது மஞ்சள் ஒளிர்புரதத்தையும் சேர்க்கின்றனர். நீலத்தைக் கிளர்த்தும் ஒளியை மட்டும் பாய்ச்சுகின்றனர். அவை விலகி நின்றால் நீலமே தெரியும். சேர்ந்தால் நீலம் மங்கி மற்றது ஒளிரும். உயிரணுவைச் சாகத் தூண்டும் பாக்ஸ் என்னும் புரதமும், அதனைத் தடுக்கும் பிசிஎல்-2 என்னும் புரதமும் உயிருள்ள அணுவினுள் மைட்டோகாண்டிரியாவில் அணைந்து நிற்பதை 1998-ஆம் ஆண்டு இவ்வாறே கண்டனர். அணுவை உடைத்துச் சாறு பிழிந்து ஆராயும் பழைய முறையில் சேர்க்கை எங்கே, எப்போது நிகழ்ந்தது என்பது தெரியாமற் போகும்.

இதில் ஏமாறுதற்கும் இடமுண்டு. நீலத்தின் ஒளியிற் சிறிது மஞ்சளுக்குரிய கண்ணாடி வழியாகவும் கசியும். அதனைத் தாவல் என்று கொள்ளுதல் பேதைமை. ஆகவே தேர்ந்தவர்கள் ஏற்கும் சாயத்தை வலிய ஒளியாற் கெடுத்துவிட்டு, ஈயும் சாயம் முன்னினும் பிரகாசிக்கின்றதா என்று நோக்குவர். அல்லது அது கிளர்ச்சியுற்று நிற்கும் நேரம் குறைந்திருக்கின்றதா என்று அளப்பர். மற்றொன்று: தாவல் காணப்படாமையால் சேர்க்கை இல்லை என்று துணிதல் ஆகாது. இரு மூலக்கூறுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாய்த் திரும்பி நின்றால் அருகிருந்தும் சக்தி தாவாது. திசையைப் பற்றிய இவ்வெச்சரிக்கையும் ஃபோர்ஸ்டரின் கணக்கிலேயே அடங்கியிருக்கின்றது. அதனை மறந்து வீணாய் உழைப்போர் இன்றும் உளர்.

இம்முறையை ஆங்கில எழுத்துக்கள் நான்கால் ஃபிரெட் என்று சுருக்கி வழங்குவர். முதலெழுத்து ஒளிர்வைக் குறிப்பது என்பர் ஒரு சாரார். ஃபோர்ஸ்டரின் பெயரைக் குறிப்பது என்பர் மற்றொரு சாரார். கட்சிச் சின்னம் அணிந்தவரின் பெயரை விதிக்கு இடலாமா என்று வினவுவாரும் இருக்கலாம். தாவுவது ஒளிர்வன்று, ஒளிர்வதற்கு முன்னுள்ள சக்தியே ஆதலின், பௌதிகத்தை நோக்கப் பிந்திய பொருளே பொருந்தும் என்பது நம் கருத்து. அப்பெயரைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், ஃபிராங்க்கின் பெயரையும் பெரென்களின் பெயரையும் அதன் மேலே எழுதிவிட்டுத் தொடங்குவாராக.